ஐந்து பேர் இருந்தால் பெண்கள் பிரிவு

இன்று காலை பின்சக்கரத்தில் காற்று இல்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து டியூபை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பஞ்சர் சொல்யூஷனின் மூடியைத் திறந்தேன். அந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. அது உன் விரல்களின் வாசனை. மாணவர் விடுதியின் மெஸ்ஸில் வேலை பார்த்தவள் நீ. உன் கையில் வெங்காயம்தான் மணத்திருக்க வேண்டும். ஆனால் வெங்காயத்தையும் மீறி இந்த ரப்பர் பசைதான் எப்போதும் மணக்கும்.

என் கணவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இன்னும் இதை விடலையா நீ? அவதான் போய்ச் சேர்ந்துட்டாளே" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும். ஒரு பழக்கம் ஓர் ஆளோடு வந்தால் அந்த ஆளோடு போய்விட வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். பசை காய ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் மனதுக்குள் உன்னோடு பேச ஆரம்பித்தேன். பேச்சு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் முதலில் சந்தித்தது எக்ஸ்ரே அறையில். செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனைக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடது தோளை வலது கையால் தாங்கியபடி வந்தாய். நெற்றியில் செம்மண். முழங்காலில் ரத்தம். சுடிதார் பேண்ட்டுக்குக் கீழே ஆண்கள் போடும் ஷூ. உனக்குப் பின்னால் உன் கணவர், ஆட்டோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். டாக்டர் எழுதிய சீட்டில் வயது முப்பத்து நான்கு என்று இருந்தது. என்னைவிட மூன்று வயது இளையவள்.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"மலை மேலேர்ந்து சைக்கிள்ல வந்துகினு இருந்தேன். கல்லு ஒண்ணு உருண்டுச்சு."

"மலை மேல எதுக்குப் போனீங்க?"

விநோதமான கேள்வி கேட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தாய். "எறங்குறதுக்குத்தான்" என்றாய்.

தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு இரண்டாகியிருந்தது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். நீ விரல்விட்டு எண்ணினாய். "நாப்பத்திரெண்டு நாளு. சைக்கிள் போட்டிக்கு இன்னும் அம்பது நாள் கீது. போதும்" என்றாய். டாக்டர் உன் கணவரைப் பார்த்தார். அவர், "சொன்னா கேக்காது சார், நான் சொல்றதையே வுட்டுட்டேன்" என்று சொன்னார். அவர் முகத்தில் குறை இல்லை, பெருமை இருந்தது. அதை நான் கவனித்தேன். ஒரு ஆண் தன் மனைவியைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த சைக்கிள் உனக்கு வந்த கதையைப் பிறகு சொன்னாய். பொத்தேரியில் நீ மெஸ்ஸை மேற்பார்வை பார்த்த விடுதியில், படிப்பு முடித்துப் போன யாரோ ஒருவன் கியர் வைத்த மலைச் சைக்கிளை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வருடம் யாரும் தொடவில்லை. குப்பையோடு போகட்டும் என்று வார்டன் சொன்னபோது நீ எடுத்துக்கொண்டாய். ரயிலில் ஏற்ற விடவில்லை என்பதால் பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் மிதித்தே வந்தாய். "அன்னிக்கிதான் தெரிஞ்சுது, எனுக்கு மூச்சு நெறைய கீதுன்னு" என்றாய்.

ஆறு வாரம் கழித்து எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க மறுபடி வந்தாய். அன்று லிஃப்ட் பழுது. நான் இரண்டு மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். நீ உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து என்னையே பார்த்தாய்.

"எத்தினி மாடிக்கா?"

"ரெண்டு."

"ரெண்டுக்கேவா?" வாய்விட்டுச் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஞாயித்துக்கெழம வா. என் வூட்டுக்காரு ஆட்டோல வந்து இட்டுகினு போவாரு" என்றாய்.

ஏன் வந்தேன் என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு முப்பத்தேழு வயது. தைராய்டு மாத்திரை, இருட்டு அறை வேலை, வீடு. சமைக்கவோ சாமி கும்பிடவோ அல்லாமல் வேறு எதற்காகவும் என்னை யாரும் 'வா' என்று கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதனால்தான் வந்திருப்பேன்.

திருக்கழுக்குன்றம் போகும் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில், மலையடிவாரத்தில் இருந்த டீக்கடைக்கு முன்னால் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். பள்ளிக்கூடத்து நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சைக்கிளில் ஏறினேன். விழுந்தேன். எழுந்து மறுபடி விழுந்தேன். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாம்மா, காலங்காத்தால வூட்ல வேல இல்லியா?" என்று கேட்டார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "கீது அண்ணாத்த. பாத்திரம் அப்டியே கெடக்குது. போய் தேய்ச்சிட்டு வர்றியா?" என்றாய். கடைக்காரர் டீ ஆற்றிய குவளையோடு சிரித்தார். கேட்டவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. இப்படியும் பதில் சொல்லலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் மலைப்பாதையில் உன் பின்னால் வரப் பழகினேன். இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் வழுக்குவேன். நீ சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து, கல்லின் மேல் ஏறி இறங்கிப் போய்விடுவாய். கீழே நின்று கத்துவாய்: "கல்லைப் பாக்காத. கல்லுக்கு அந்தாண்ட பாரு."

பிறகு ஒருநாள், மாமல்லபுரம் கடற்கரையில் ட்ரையத்லான் நடக்கிறது, போகலாம் என்றாய். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "அதுக்கு இன்னா, தண்ணி கீது, நான் கீறேன்" என்றாய்.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உன் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போனாய். வயல் நடுவே அகலமான பம்புசெட்டுக் கிணறு. படிக்கட்டில் என்னை உட்கார வைத்து, தண்ணீருக்குள் காலை அடிக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கிணற்றின் கதையைச் சொன்னாய். உன் அம்மா அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் குதிக்கும்போது காலனிப் பிள்ளைகள் மேட்டில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். பதினோரு வயதில், ஒரு மே மாத மத்தியானம், நீ குதித்தாய். நீந்தத் தெரியாது. மூழ்கி, தண்ணீர் குடித்து, கையைக் காலை அடித்து எப்படியோ படியைப் பிடித்தாய். அதற்குள் கிணற்றுக்காரர் கம்போடு வந்துவிட்டார். ஈரப் பாவாடையோடு வரப்பு வரப்பாக ஓடினாய்.

"நீச்சலும் ஓட்டமும் ஒரே நாள்ல கத்துகினேன்கா. சைக்கிளுதான் கெவர்மெண்ட்டு குடுத்துச்சு, பதினொண்ணாவது படிக்கிறப்ப" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்தக் கிணற்றுக்காரர் அன்று வந்தார். கிழவராகியிருந்தார். மேலே நின்று, "யாரு?" என்று கேட்டார். நீ உன் அப்பாவின் பெயரைச் சொன்னாய். "மோட்டாரு போடப் போறேன். பைப்பு பக்கம் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். "மனசு மாறிட்டார் போல" என்றேன்.

"மனசும் மாறல, ஒண்ணும் மாறல. கம்பு தூக்க கைல தெம்பு இல்ல. நீ காலை அடி" என்றாய்.

அதே காலத்தில் நான் செய்துகொண்டிருந்ததையும் எழுதிவிடுகிறேன். வாராவாரம் உன்னோடு மலை ஏறினேன், உன் அண்ணி சமைத்த கருவாட்டுக் குழம்பைத் தவிர மற்றதையெல்லாம் உன் வீட்டில் சாப்பிட்டேன், உன்னை மட்டும் என் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கோயில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். "யாரோட போற?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் "ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க" என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்தான். நீ ஒருநாளும் கேட்கவில்லை.

கடலோரப் போட்டிக்கு வந்தோம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அலை சாம்பல் நிறமாக எழுந்துகொண்டிருந்தது. கிணற்றில் அலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊதல் கேட்டதும் எல்லோரும் பாய்ந்தார்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டினேன். முதல் மிதவையையும் தாண்டினேன். பிறகு காலுக்குக் கீழே எதுவும் இல்லை என்ற நினைப்பு வந்தது. அவ்வளவுதான். மூச்சு போய்விட்டது. வாய்க்குள் உப்பு. காவலுக்கு நின்ற மீனவர் படகிலிருந்து ஒருவர் கையை நீட்டி, "ஏறிக்கோம்மா, ஏறிக்கோ" என்றார். நான் கையைப் பிடிக்கப் போனேன்.

நீ வெகு தூரம் முன்னால் போய்விட்டிருந்தாய். எப்படித் தெரிந்ததோ, திரும்பி வந்தாய்.

"ஏறாத! ஏறினா முடிஞ்சுது. படகைப் புடிச்சிகினு மூச்சு வுடு. புடிக்கலாம், தப்பு இல்ல. ஏறத்தான் கூடாது."

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அழுதேன். "நீ போ, உன் நேரம் போகுது" என்றேன். "நேரம் எங்கியும் போவாது. நீ மூச்சு வுடு" என்றாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, தவளை போல, மெதுவாக மற்ற மிதவைகளைச் சுற்றிக் கரைக்கு வந்தோம்.

மணலில் ஒருவர் கையில் கடிகாரத்தோடு வழியை மறித்தார். "சாரி மேடம். கட்-ஆஃப் முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சு. இதுக்கு மேல போக முடியாது. சிப்பைக் கழட்டிக் குடுத்துடுங்க." சிப் என்றால் கணுக்காலில் கட்டியிருக்கும் பட்டை. அதுதான் நம் நேரத்தைக் கணக்கிடும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். நான் குனிந்து கழற்ற ஆரம்பித்தேன். நீயும் குனிந்து கழற்றினாய். அவர் கையில் வைத்தாய்.

"சிப்பு உனுக்கு. ரோடு எனுக்கு" என்றாய்.

"மேடம், ரிசல்ட்ல வராது."

"வராட்டி போவுது. ரோட்ல வர்லாம்ல?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் என்ன செய்வது? உன் பின்னால் வந்தேன். பாதுகாப்புக்கு நின்றவர்களெல்லாம் போன பிறகு ஈ.சி.ஆர். சாலையில், பேருந்துகளும் சுற்றுலாக் கார்களும் காது கிழிய ஹாரன் அடித்துக் கடக்க, இருபது கிலோமீட்டர் மிதித்தோம். பிறகு வெயிலில் ஓடினோம். சிற்பக் கூடங்களிலிருந்து உளிச் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. கடைசி ஒரு கிலோமீட்டர் நான் நடந்தேன். நீ எனக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே ஓடுவதைப் போல அடியெடுத்து வந்தாய். முடிவுக் கோட்டில் காற்றடைத்த வளைவை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இப்பத்தான் வர்றீங்களா? எல்லாரும் போய்ட்டாங்களே" என்றார்.

"அவங்க போட்டும் அண்ணாத்த. நாங்க வந்துட்டோம்ல" என்றாய்.

அன்று மத்தியானம் உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உப்பும் மணலுமாக. அம்மா உன் ஊரைக் கேட்டாள், அப்பா பெயரைக் கேட்டாள், முகம் சுருங்கியது. நான் இரண்டு தட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அம்மா, பசிக்குது, சாதம் போடு" என்றேன். என் குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் இருந்தது. அம்மா போட்டாள். நீ நிதானமாக மோர் வரைக்கும் சாப்பிட்டாய். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ஒரு வருசம் ஆச்சுக்கா, இந்த வாசப்படிக்கு. நீச்சலுகூட சீக்கிரம் கத்துகின."



அடுத்த வருடம் கட்-ஆஃபுக்குள் வந்தோம். அதற்கு அடுத்த வருடமும். ஆனால் நீ கோபத்தோடு வீட்டுக்குப் போனது மலைச் சைக்கிள் போட்டியிலிருந்துதான். நம் மலைக்குப் பின்னால், ஏரிக்கரை, கல்குவாரிப் பாதை, முள்ளுக்காடு என்று சுற்றி வரும் போட்டி. பெயர் கொடுக்கப் போனபோது, பெண்கள் பிரிவு இல்லை என்றார்கள். "ஐந்து பேராவது இருந்தால் வைப்போம் மேடம். நீங்க ரெண்டே பேர்." பொதுப் பிரிவில் ஆண்களோடு விட்டார்கள். நீ அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை முந்திவிட்டாய். கோட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் உன் எண்ணை மட்டும் பார்த்து, "சூப்பர் தம்பி, சூப்பர்!" என்று கத்தினார் ஒருவர். ஹெல்மெட்டைக் கழற்றி அவர் முன்னால் நின்றாய். "தம்பி எங்க கீறான்? காட்டு, நானும் பாக்கறேன்" என்றாய். கூட்டம் சிரித்தது. உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திரும்பும் வழி முழுக்க ஆட்டோவில் ஹெல்மெட்டை மடியில் தட்டிக்கொண்டே வந்தாய். இறங்கும்போது, "அடுத்த வருசம் அஞ்சு பேரு" என்றாய்.

அடுத்த வருடம் உனக்கு வயிற்றில் வலி வந்தது. முதுகுக்குப் பாய்கிற வலி. சைக்கிள் சீட்டின் உயரம் சரியில்லை என்று அதை ஏற்றி இறக்கிப் பார்த்தாய். மூன்று மாதம் அப்படியே ஓட்டினாய். உடம்பு இளைத்தபோது, "மலையில இனி சுளுவா ஏறலாம்" என்றாய். நான்தான் இழுத்துக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டினேன். அவர் ஸ்கேன் எழுதினார்.

படம் எடுத்ததும் நான்தான். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். என் தோழியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற எண்ணம். நீ ஸ்கேன் இயந்திரத்தின் வளையத்துக்குள் படுத்திருந்தாய். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மைக்கில், "மூச்சை இழுத்துப் பிடி" என்றேன்.

"எவ்ளோ நேரம்கா? நான் இன்னா உன்ன மாதிரியா, நாளிக்கி காலைல வரிக்கும் புடிப்பேன்" என்று உன் குரல் வந்தது.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினைந்து வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன். கணையத்தில் இருக்கக் கூடாதது இருந்தது. கல்லீரலிலும் புள்ளிகள். மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டேன். நீ பிடித்துக்கொண்டே இருந்தாய்.

வெளியே வந்து உன் கையிலிருந்த ஊசியை எடுத்தேன். பார்த்ததைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீ என் முகத்தைப் பார்த்தாய். போதுமாயிருந்தது.

"நீ சொல்லாத. டாக்டரு சொல்லட்டும். உன் வேலைக்கு ஆபத்து" என்றாய். கொஞ்சம் கழித்து, "ஒண்ணே ஒண்ணு மட்டும். கடலு ரேஸுக்குப் பேரு குடுத்துட்டேன். எடுத்துடவா?"

"எடுக்காதே" என்றேன்.

பொய் சொன்னேனா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். இப்போது கேட்பதில்லை. நீ கேட்டது நோயைப் பற்றி இல்லை.

மருந்து ஏற்றி, வாந்தி எடுத்து, முடி கொட்டி, அதற்கு நடுவே தெம்பு வந்த நாட்களில் நீ கொளவாய் ஏரிப் பக்கம் சைக்கிள் ஓட்டினாய். உன் கணவர் பின்னால் ஆட்டோவை மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் ஆடினால் மட்டும் ஹாரனை ஒருமுறை தட்டுவார். நீ கையைத் தூக்கிக் காட்டுவாய். வழியில் பார்த்தவர்கள் அவரைத் திட்டினார்கள், உன்னைத் திட்டினார்கள். போட்டி நாளன்று நீ வார்டில் இருந்தாய். நானும் போகவில்லை. உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்காக அன்று முழுக்க என்னிடம் பேச மறுத்தாய். சாயங்காலம்தான், "கடலு சும்மா கெடந்திருக்கும். நீயாவது போயிருக்கலாம்" என்றாய்.

ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். மூன்றாம் நாள் உன் வீட்டில் ஜெபம். முடிந்ததும் காபி கொடுத்தார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர், எல்லோரும் கேட்கும்படி, "பொம்பள ஒடம்பு இந்த ஆட்டம் தாங்குமா? ஓடி ஓடியே தேஞ்சு போய்ட்டா" என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. உன் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வெளியாள், துக்க வீடு வேறு. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"அம்மா, அவ உடம்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் பார்த்திருக்கேன். நான்தான் படம் எடுத்தேன். அது கணையத்துல வந்த புற்றுநோய். ஓடுறவங்களுக்கும் வரும், உக்காந்திருக்கிறவங்களுக்கும் வரும். அவ ஓடினதால வரலை. இத்தனை மாசம் இந்த மருந்தைத் தாங்கினதே அந்த நெஞ்சு ஓடிப் பழகினதாலன்னு டாக்டரே சொன்னார். தெரியாம பேசாதீங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். உன் கணவர் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். வெளியே வந்தபோது ஆட்டோவில் உன் சைக்கிள் ஏற்றியிருந்தது. "எடுத்துகினு போங்க. நிறுத்தி வெச்சா துரு புடிச்சிடும். அதுக்குப் புடிக்காது" என்றார். எதற்குப் பிடிக்காது, சைக்கிளுக்கா உனக்கா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நான் செய்தது உனக்குத் தெரிய வேண்டும்.

மலைச் சைக்கிள் போட்டி அறிவிப்பு வந்ததும் நடத்துகிறவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "பெண்கள் ஐந்து பேர் வர்றோம்" என்றேன். அப்போது என்னிடம் இருந்தது நான் ஒருத்தி மட்டும். ஆஸ்பத்திரியில் வெவ்வேறு ஷிஃப்டில் இருக்கும் மூன்று நர்ஸ்களைப் பிடித்தேன். உன் மெஸ்ஸுக்குப் போய் சப்பாத்தி போடும் அக்காவைக் கேட்டேன். நாற்பத்தெட்டு வயது அவருக்கு. உன்னைப் பற்றிச் சொன்னதும் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அது என்னை எத்தினியோ தபா கூப்ட்டுச்சு. நான்தான் சிரிச்சிகினே வுட்டுட்டேன். வரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கணவர் சைக்கிள்களை ஆட்டோவில் இரண்டிரண்டாக ஏற்றி வந்து இறக்கினார். மலையடிவாரத்தில் நான்கு பெண்கள் மாறி மாறி விழுந்தார்கள். நான் கீழே நின்று கத்தினேன். உன் அளவுக்குக் குரல் வரவில்லை. பழகிவிடும்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர்களே கூப்பிட்டார்கள். "மேடம், பாதை கஷ்டமா இருக்கும். இவங்களுக்கெல்லாம் அனுபவம் இருக்கா?"

"ஆம்பளைங்க கிட்டயும் இதைக் கேட்டீங்களா?" என்றேன்.

"இல்ல மேடம், ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"அப்ப எல்லாரையும் கேளுங்க. கடைசியா எங்களைக் கேளுங்க."

போட்டிக்கு முந்தைய நாள் மழை. குவாரிப் பாதை முழுக்கச் சேறு. ஒலிபெருக்கியில், "பெண்கள் பிரிவு, தயாரா?" என்று கேட்டார்கள். ஐந்து பேர் கோட்டில் நின்றோம். உன் சைக்கிளில் நர்ஸ்களில் இளையவள் இருந்தாள். வேண்டுமென்றேதான் நான் அதில் ஏறவில்லை. அது வேகமாகப் போக வேண்டிய சைக்கிள். நான் மெதுவான ஆள்.

இரண்டாம் சுற்றின் இறக்கத்தில் முன்சக்கரம் சேற்றில் புதைந்து தலைக்கு மேலாக விழுந்தேன். படுத்தபடியே தோள் எலும்பைத் தடவிப் பார்த்தேன், எங்கள் தொழில் புத்தி. உடையவில்லை. கைப்பிடி கோணிக்கொண்டது. சக்கரத்தைக் கால் நடுவே இடுக்கி நிமிர்த்தினேன். அதற்குள் நான்கு பேரும் போய்விட்டார்கள். மீதியை வலியோடு, வாய்க்கு வந்த வசையெல்லாம் கல்லை நோக்கி வைதுகொண்டு மிதித்தேன்.

உன் சைக்கிள் முதலாவதாக வந்தது. சப்பாத்தி அக்கா மூன்றாவது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் அவர் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்த திருப்பிக் குடுக்கணுமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். முடிவுப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். மேலே 'பெண்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே ஐந்து பெயர். ஐந்தாவது நான். உன் கணவர் அந்தத் தாளின் முன்னால் வெகு நேரம் நின்றார்.

கிளம்பும்போது போட்டி நடத்துகிறவர் என்னிடம் வந்தார். சந்தோஷமாகத்தான் பேசினார். "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். ஆனா ஐந்து பேர்னா மேடை ஏத்துறதுக்கே ஆள் பத்தலை பாருங்க. அடுத்த வருஷம் பத்துப் பேராவது இருந்தாத்தான் இந்தப் பிரிவு வைக்கிறதுன்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க."

உன்னைச் சந்திப்பதற்கு முன்னால் என்றால் சரிங்க சார் என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து மனதுக்குள் புழுங்கியிருப்பேன்.

"இன்னாத்துக்கு பத்து?" என்று கேட்டேன். "ஆம்பளைங்களை எண்ணிகினா வெக்கிற?"

அவர் திகைத்துப்போனார். எனக்குப் பின்னால் சப்பாத்தி அக்கா களுக்கென்று சிரித்தார். உன் கணவர் ஆட்டோவைக் கிளப்பப் போனவர் சாவியைத் திருகாமல் திரும்பிப் பார்த்தார். உன் பேச்சு அது. சிறு வயதில் அப்படிப் பேசினால் அம்மா என் வாயில் போடுவாள். நாற்பது வயதைத் தாண்டி அது என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் தேடிப் போகாமலே. அடுத்த வருடமும் ஐந்துதான் என்று அவர் எழுதிக் கொடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.

துக்கத்தை உன் வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டேன். அவர் என்னைவிட நன்றாக அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் எடுத்துக்கொண்டது உன் வாயை. பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. தினமும் எடுத்துப் பேசுகிறேன்.